நாய் காதுல பூண்டு எண்ணெய் விடலாமா?

டாமிஅம்மா:
எங்க லேப்ரடார் கொஞ்ச நாளா தலைய ஆட்டிக்கிட்டே இருக்கான், பின்னங்காலால வலது காத பறண்டுறான், கிட்ட போனா ஒரு புளிச்ச நாத்தம், உள்ள பழுப்பா பிசுபிசுன்னு அழுக்கு. மாமியார் நல்லெண்ணெயில பூண்டு தட்டிப்போட்டு காய்ச்சி ரெண்டு சொட்டு விடுங்கிறாங்க. யூடியூப்ல ஒருத்தர் வேப்பெண்ணெய்ங்கிறார், இன்னொருத்தர் ஆப்பிள் சைடர் வினிகர்ங்கிறார். எல்லாம் இயற்கைதானே, ஒண்ணும் ஆகாதுல்ல?

கருப்பன்_சிப்பிப்பாறை:
எதையும் ஊத்தாதீங்க மேடம். நாய்க்கு காதுக்குழாய் நேரா கீழ எறங்கி அப்புறம் உள்பக்கமா திரும்பும், ஊத்துற எண்ணெய் அந்த திருப்பத்துல போய் தேங்கிடும், ஏற்கனவே ஈரமும் சூடுமா இருக்கிற எடம். நீங்க சொல்றத பாத்தா ஈஸ்ட்ங்கிற பூஞ்சை மாதிரி தெரியுது, ஆனா நாத்தத்த வச்சு முடிவு பண்ண முடியாது, பாக்டீரியாவும் சேந்து இருக்கலாம். அழுக்க எடுத்து மைக்ரோஸ்கோப்ல பாத்தாதான் தெரியும். அதவிட முக்கியம் செவிப்பறை. அதுல ஓட்டை இருந்தா ஊத்துறது நடுக்காது வரைக்கும் போகும், தலை ஒருபக்கமா சாஞ்சு தள்ளாடும், காது கேக்காமலும் போகலாம். டாக்டர் மொதல்ல லைட் வச்ச கருவியால உள்ள பாக்குறதே அதுக்குத்தான்.

மண்வாசம்:
எங்க ஊர்ல வேப்பெண்ணெய்தான் சார் எல்லாத்துக்கும். ஒண்ணும் ஆனதில்ல.

கருப்பன்_சிப்பிப்பாறை:
காது மடல் வெளில தடவுறதும் குழாய்க்குள்ள ஊத்துறதும் ஒண்ணில்லயே அண்ணே. வெளில தடவினாலும் நக்கிடும். வினிகர் பறண்டி புண்ணான எடத்துல பட்டா எரிச்சல் தாங்காது, அப்புறம் காதுகிட்ட கையே கொண்டு போக விடாது. டீ ட்ரீ ஆயில், கற்பூரம் ரெண்டும் நாய்க்கு விஷம், அத கலந்த எண்ணெய் பக்கமே போகாதீங்க.

வேப்பேரி_வாசி:
அழுக்கு காஞ்ச காப்பித்தூள் மாதிரி உதிரா இருந்தா காதுப்பூச்சியா இருக்கலாம், அப்ப வீட்ல இருக்கிற பூனைக்கும் சேத்து பாக்கணும். உண்ணி உள்ள பூந்திருந்தாலும் இப்படித்தான் தலைய ஆட்டும். மருந்துக்கடைல ஐவர்மெக்டின்ங்கிற பூச்சி மருந்த வாங்கி தானா போட்றாதீங்க, கோலி (Collie) மாதிரி சில நாய் இனங்களுக்கு டோஸ் கூடினா உயிருக்கே ஆபத்து. போன தடவ மிச்சமான சொட்டு மருந்தும் வேண்டாம். சென்னைன்னா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில காட்டலாம், மத்த ஊர்ல பக்கத்துல அரசு கால்நடை மருந்தகம் இருக்கும். ஒண்ணு, போறதுக்கு முன்னாடி காத சுத்தம் பண்ணிடாதீங்க, சாம்பிள் எடுக்க அழுக்கு வேணும்.

டாமிஅம்மா:
சரிங்க, நாளைக்கே கூட்டிட்டு போறேன். மாமியார்கிட்ட பூண்டு நாய்க்கே ஆகாதுன்னு சொல்லிட்டேன், ரசத்துக்கு வச்சுக்கிட்டாங்க 😄 இது ஏன் திரும்பத் திரும்ப வருது? போன மழைலயும் இதே காதுதான்.

வேப்பேரி_வாசி:
அத கண்டிப்பா டாக்டர்கிட்ட சொல்லுங்க. பாதத்த நக்குறானா, வயித்துப்பக்கம் செவந்திருக்கானு பாருங்க, பெரும்பாலும் அடில அலர்ஜி இருக்கும், அத கவனிக்காம சொட்டு மருந்து மட்டும் விட்டா நிக்காது. லேப்ரடாருக்கு மடல் தொங்குறதால காத்தும் போகாது. குளிப்பாட்டினா, நீச்சல் அடிச்சா, பஞ்சு உருண்டையால விரல் எட்டுற தூரம் மட்டும் ஒத்தி எடுங்க. பட்ஸ் விட்டா அழுக்கு இன்னும் உள்ள போய் அடைச்சுக்கும். நாளைக்கு வாய்க்கவசம் எடுத்துட்டு போங்க, எவ்ளோ சாதுவா இருந்தாலும் காது வலில கடிச்சிடும்.