முலுவில் வழிகாட்டி திரும்பச் சொன்னால் திரும்பிவிடுங்கள்

சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றில் வாராவாரம் ஏறி இறங்கிக் கால் பழகியவர்கள் அடுத்து எங்கே போகலாம் என்று கேட்டால், கினபாலு மலைக்கும் முன்னால் மலேசியாவின் சராவாக் மாநிலத்திலுள்ள குனோங் முலு தேசியப் பூங்காவைத்தான் சொல்வேன். மீரியில் இறங்கிச் சின்ன விமானம் பிடித்தால் அரை மணி நேரம். கீழே கண்ணுக்கெட்டிய வரை காடும் வளைந்து கிடக்கும் ஆறும்தான்.

நாங்கள் போனது பினக்கிள்ஸ் பார்க்க. குனோங் அப்பி மலைச்சரிவில் 45 மீட்டர் உயரம் வரை கத்தி கத்தியாக நிற்கும் சுண்ணாம்புப் பாறைகள் அவை. மழைநீர் கல்லைக் கரைத்துக் கரைத்தே அப்படிச் செதுக்கியிருக்கிறது. முதல் நாள் படகு, பிறகு 8.8 கிலோமீட்டர் காட்டு நடை, இரவு மெலினாவ் ஆற்றங்கரையில் ‘ஐந்தாம் முகாம்’ என்ற தங்குமிடம். அரிசி, பருப்பு எல்லாம் சுமந்துகொண்டு போய் நாமே சமைத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் ஏற்றம் வெறும் 2.4 கிலோமீட்டர். ஆனால் அதற்குள் ஏறக்குறைய 1,200 மீட்டர் உயர்கிறது! வேரைப் பற்றி உடம்பை மேலே இழுக்கிறோம். பிடிமானத்துக்குத் தொடும் கல்லெல்லாம் கூர்மை. கையுறை இல்லாமல் போகவே கூடாது. கடைசிப் பகுதியில் பாறையோடு பொருத்திய ஏணிகளும் கயிறுகளும்.

எங்கள் குழுவில் அறுபதை நெருங்கும் அண்ணன் ஒருவர். தம் வீவக (அடுக்குமாடிக் குடியிருப்பு) புளோக்கின் மாடிப்படிகளில் மாதக்கணக்கில் ஏறிப் பயிற்சி எடுத்தவர். ஏணிகள் தொடங்கும் இடத்தைக் காலை 11 மணிக்குள் எட்டாதவர்களை மேலே விடுவதில்லை. அண்ணன் நேரத்துக்கு வந்துவிட்டார். வழிகாட்டியோ கடிகாரத்தைப் பார்க்காமல் அவருடைய காலைப் பார்த்தார். அசையாமல் நின்றபோதும் தொடை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

“பாக்சிக் (மாமா), ஏறிவிடுவீர்கள். இறங்குவதுதான் கஷ்டம்” என்றார் மலாயில். அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. எங்களில் ஒரு தம்பி, இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று பரிந்து பேசப் போக, அண்ணனே கையமர்த்தினார். “அவருடைய மலை தம்பி, அவருக்குத் தெரியாதா? நீங்கள் போய் வாருங்கள்.” இன்னொரு வழிகாட்டியோடு இறங்கிவிட்டார்.

மேலே பார்த்த காட்சியைச் சொல்லி முடியாது. பச்சைக் காட்டைக் கிழித்துக்கொண்டு நிற்கும் சாம்பல் நிறக் கூர்முனைகள். பாதையோரம் குடுவைச் செடிகள். இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஏணிக் கம்பி வழுக்கியது, ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் கெஞ்சியது. ஏறியதைவிட இறங்கத்தான் அதிக நேரம் ஆயிற்று. அந்த ஏணிகளில் அண்ணனை நினைத்துப் பார்க்கவே எனக்கு நெஞ்சு பதறியது. நாங்கள் முகாமை அடைந்தபோது அவர் சுடச்சுட ரசம் வைத்திருந்தார்.

எனவே படிகளில் பயிற்சி எடுப்பவர்கள் ஏறிவிட்டு லிஃப்டில் இறங்காதீர்கள். இறங்கியும் பழகுங்கள்.

முகாமிலிருந்து திரும்பியதும் மான் குகைக்கு மாலையில் அவசியம் போங்கள். 20 முதல் 30 லட்சம் வௌவால்கள் வாழ்வதாகச் சொல்லப்படும் குகை. மழை இல்லாத மாலைகளில் அவை கரும்புகை போல் சுருள் சுருளாக வெளியேறும். நடுவே பருந்து ஒன்று பாய்ந்து பாய்ந்து வேட்டையாடியதையும் பார்த்தோம். அண்ணன் அன்று கடைசி ஆளாகத்தான் எழுந்து வந்தார்.

ஐந்தாம் முகாமிலிருந்து லிம்பாங் பக்கம் இறங்கும் பாதையில் நடந்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? அட்டைக்கடி, படகு ஏற்பாடு இரண்டையும் பற்றி விரிவாக எழுதுங்கள். அண்ணன் அந்த வழியைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.