கறள் பிடிச்ச மொறிஸ் மைனர்: என்ன விலை சொல்லலாம்?

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணம் கொக்குவிலில் நிற்கிற மொறிஸ் மைனர் 1000 ஒன்று விற்க வேணும். 948 சிசி, நாலு கதவு. முழுசாத் திருத்த வேண்டிய கார்.

மட்காட் நாலும் போல்ட்டில கழரும், அது பிரச்சினையில்லை. இதுக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பொடியே பாரத்தைத் தாங்குது, அதாலதான் அடிக்கறள் விலையை விழுத்துது. முன் சில்லுகளுக்கு வில்லா வேலை செய்யிற முறுக்குக் கம்பிகளின் பின்முனை பிடிக்கிற குறுக்குச் சட்டமும், பின் வில்லுத்தகடு பூட்டுற இடமும் ஸ்குரூட்ரைவரால குத்த உள்ள போகுது. எஞ்சின் கையால சுத்துது. ஆனால் மண்ணெண்ணெயில ஓடினது. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலோட கலந்து மெல்லிசாக்கும், றிங்கும் பெயாரிங்கும் பாக்காமல் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. கிறீஸ் காணாத கீழ் ட்ரனியனில (முன் சில்லுத் தண்டின் கீழ்முனை திரும்புற மரைப் பூட்டு) மரை தேஞ்சிட்டுது. கழண்டால் முன் சில்லு மடியும், ஆகவே கட்டி இழுக்கேலாது, லொறிதான்.

காரில உள்ள சேசிஸ் இலக்கம் பதிவுப் புத்தகத்தோட சரி. ஆனால் புத்தகத்தில உள்ளவர் காலமாகிட்டார். பெயர் மாத்த என்னென்ன கடிதம் வேணும்?

புத்தகம் இருக்கிற காரைப் பாட்ஸாப் பிரிக்கிறது வீண் எண்டது என்ர எண்ணம். கறளை மறைக்கப் பட்டி பூசவும் மாட்டன், வாங்கிற ஆள் காந்தம் கொண்டுவருவார், பட்டியில அது ஒட்டாது. இந்த நிலைமையில அண்மையில விற்ற ஆக்கள் விலையைச் சொல்லுங்கோ.