கொத்து ரொட்டிக் கணக்கு

குழு: அம்மம்மா வீட்டார், யாழ்ப்பாணம்
ஞாயிறு, பி.ப. 6:10

மதுரா: எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் வெளிச்சாப்பாட்டுக்குப் போன காசை இப்போதுதான் கூட்டிப் பார்த்தேன். 41,000 ரூபாய். கடைக்குப் போய் இருந்து சாப்பிட்டது இதில் சேரவில்லை, வீட்டுக்கு வந்த பார்சல் மட்டும். நாலு பேர் இருக்கிற வீடு, அதில் ஒன்று இன்னும் குழைத்து ஊட்டுகிற வயது.

தர்ஷன்: இது குடும்பக் குழுவில் போடுகிற விஷயமா?

மதுரா: ஓம். தனியாகச் சொன்னால் உங்கள் காதில் ஏறுவதில்லை.

பெரியம்மா: 41 ஆயிரமா! எங்கள் காலத்தில் அந்தக் காசுக்குக் காணி வாங்கலாம்.

குட்டி: பெரியம்மா, உங்கள் காலத்தில் எதை விட்டாலும் காணி வாங்கலாம்.

தர்ஷன்: சரி, என் பக்கத்தையும் கேளுங்கோ. வங்கி வேலை முடிந்து வீட்டுக்கு வர ஆறரை. மதுரா பள்ளிக்கூடத்தால் வந்து மூத்தவனின் வீட்டுப்பாடத்தோடு நிற்பார். அந்த நேரம் யார் குசினிக்குள் போவது? கொத்து ஒன்று 900 ரூபாய். சாப்பிட்டுப் பெட்டியை எறிந்தால் வேலை முடிந்தது. தேங்காய் விற்கிற விலையில், கேஸ் விற்கிற விலையில், வீட்டுச் சமையலும் சும்மா வருவதில்லை.

சுகந்தி அக்கா: கேஸையும் போட்டே பார்ப்போம் தம்பி. முட்டையும் சொதியும் சம்பலும் வைத்துப் புட்டு. அரைக்கிலோ சிவப்புப் பச்சையரிசி, 2024 டிசம்பரில் போட்ட கட்டுப்பாட்டு விலைப்படி கிலோ 220 என்றால் 110 ரூபாய். கோதுமை மா கால் கிலோ, 50 என்று வை. தேங்காய் ஒன்று 180. முட்டை நாலு 160. வெங்காயம், பச்சை மிளகாய், எண்ணெய், கேஸ் எல்லாவற்றுக்கும் தாராளமாக இன்னொரு 200. எல்லாம் சேர்த்து 700. நீங்கள் மூன்று கொத்து எடுத்தாலே 2,700. அதோடு மூத்தவன் குளிர்பானம் கேட்காமல் விடுவானா?

தர்ஷன்: அவன் விடமாட்டான்.

சுகந்தி அக்கா: புட்டு மிஞ்சினால் அடுத்த நாள் காலை லீக்ஸும் கரட்டும் முட்டையும் போட்டுத் தாச்சியில் பிரட்டிக் கொடு. அதுவும் கொத்துத்தான், பிள்ளைகளுக்கு வித்தியாசமே தெரியாது. மிஞ்சின கொத்து ரொட்டியைக் காலையில் என்ன செய்வாய்? எண்ணெய் உறைந்து கிடக்கும்.

குட்டி: அக்கா, சில பேர் அதையும் சூடாக்கிச் சாப்பிடுகிறோம். கம்பஸ் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துக் கதையுங்கோ.

ரவி மாமா (ரொறன்ரோ): இங்கே ஸ்காபரோவில் இடியப்பம், புட்டு, கறி எல்லாம் கடையில் கட்டி வைத்திருக்கிறான். நாங்கள் அடுப்பு மூட்டுவதே குறைவு.

பெரியம்மா: அதுதான் தம்பி உனக்குக் கொலஸ்ட்ரோல் கூடினது.

ரவி மாமா: இங்கே இப்போது காலமை. காலமையே தொடங்கிவிட்டீர்களா.

மதுரா: சுகந்தி மச்சாள், கணக்கு விளங்குகிறது. ஆனால் ஆறரைக்குப் புட்டு தொடங்கினால் எத்தனை மணிக்குச் சாப்பிடுவது?

சுகந்தி அக்கா: அங்கேதான் விஷயம் இருக்கிறது. உங்கள் வீட்டில் வறுத்த அரிசிமா இருக்கிறதா?

மதுரா: இல்லை.

சுகந்தி அக்கா: அவித்து அரித்த கோதுமை மா?

மதுரா: இல்லை. பைக்கற்றில் பச்சை மா இருக்கிறது.

சுகந்தி அக்கா: கறித்தூள்?

மதுரா: கடைத் தூள் முடிகிற தறுவாயில்.

சுகந்தி அக்கா: பிறகு ஆறரைக்குப் போனைத்தான் எடுப்பீர்கள். கொத்தில் ஆசைப்பட்டு எடுப்பதில்லை, வீட்டில் தொடங்க ஒன்றும் இல்லாததால் எடுக்கிறீர்கள். மா இருந்தால் அரை மணித்தியாலத்தில் புட்டு இறங்கும். கடைக்காரன் பார்சலைக் கொண்டுவரவும் அந்தளவு நேரம் செல்லும்.

தர்ஷன்: சனிக்கிழமையில் இன்னும் கூடச் செல்லும், அதுவும் உண்மை.

மதுரா: மா வறுக்கிற முறையை ஒழுங்காக எழுதிவிடுங்கோ. என் அம்மா வறுத்துத் தருவார், நான் பக்கத்தில் நின்று பார்த்தது கிடையாது.

சுகந்தி அக்கா: சிவப்புப் பச்சையரிசியைக் கழுவி மூன்று நாலு மணித்தியாலமாவது ஊறவிடு. வடித்து, ஈரம் கொஞ்சம் வாங்கினதும் மில்லுக்குக் கொடு. காய்ந்து மொறுமொறு என்று போகக்கூடாது. வந்த மாவை அன்றைக்கே வறு, ஈர மாவை வைத்திருந்தால் புளித்துவிடும். பெரிய தாச்சி, நடுத்தர நெருப்பு, கை நிற்கக்கூடாது. முதலில் மா கட்டிபட்டு ஆவி கிளம்பும். ஆவி அடங்கி, அகப்பையில் அள்ளி விட்டால் மணல் மாதிரி ஓட வேண்டும். சூட்டோடு அரித்து, நன்றாக ஆறின பிறகுதான் போத்தலில் போடு. சூட்டோடு மூடினால் வேர்த்துப் பழுதாகும், பூச்சியும் வரும்.

பெரியம்மா: பதம் பார்க்கிற முறையைச் சொல்ல மறந்துவிட்டாய். மாவைக் கிள்ளி எடுத்து நிலத்தில் கோலம் போட்டுப் பார்க்க வேண்டும். கோடு அறாமல் வந்தால் இறக்கலாம். அறுந்தால் இன்னும் வறு.

சுகந்தி அக்கா: ஓம் பெரியம்மா, அது சரியான முறை. கோதுமை மா என்றால் வெள்ளைத் துணியில் தளர்வாகக் கட்டி, முக்கால் மணித்தியாலம் நீராவியில் அவி. இறக்கின உடனேயே உடைத்து அரிதட்டில் அரி. ஆறினால் கல்லுக் கட்டிதான், உலக்கைதான் தேட வேண்டும். அரிசிமா இரண்டு பங்குக்கு இது ஒரு பங்கு கலந்தால் புட்டு மெத்தென்று வரும். உப்புப் போட்ட சுடுதண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தகரப் பேணி விளிம்பால் கொத்து. கொத்துகிறபோது மா குறுணி குறுணியாக வர வேண்டும், கையில் பிடித்தால் நிற்க வேண்டும், விட்டால் உதிர வேண்டும். பிறகு துருவின தேங்காய்ப்பூவைக் கலந்து நீத்துப்பெட்டியில் போட்டு அவி.

மதுரா: நீத்துப்பெட்டி இல்லை. குழல் இருக்கிறது.

சுகந்தி அக்கா: குழலும் நல்லதுதான். ஆனால் நாலு பேருக்கு நீத்துப்பெட்டி ஒரே தடவையில் இறங்கும், கேஸ் மிச்சம். திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் பனையோலைச் சாமான் விற்கிற இடத்தில் கேட்டுப் பார்.

குட்டி: எனக்கு ரூமில் அடுப்பே இல்லை, ரைஸ் குக்கர் மட்டும்தான். அரிசியோடு பருப்பு, மஞ்சள், உள்ளி, கிள்ளிப் போட்ட செத்தல் மிளகாய் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிடுவேன். வெந்த பிறகு நல்லெண்ணெய் விட்டு, மேலே ஒரு கைப்பிடி முருங்கையிலை போட்டு மூடிவிட்டால் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். வீட்டுக்கார அன்ரியின் வேலியில் முருங்கை நிற்பதால் இலைக்குக் காசில்லை. பக்கத்து ரூம் பிள்ளைகள் மத்தியானச் சோற்றுப் பார்சலுக்குக் கொடுக்கிற காசில் எனக்கு இரண்டு நாள் ஓடும்.

பெரியம்மா: நல்ல பிள்ளை. கிழமையில் இரண்டு தரமாவது மீன் சாப்பிடு.

குட்டி: ரூமில் மீன் சமைத்தால் அன்ரி ரூமை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவா.

தர்ஷன்: எல்லாரும் நல்ல நல்ல குறிப்புச் சொல்கிறீர்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். மா வறுக்கிற நேரத்துக்கு யார் விலை போடுவது? அக்காவின் 700 ரூபாய்க் கணக்கில் அக்காவின் இரண்டு கை இல்லையே.

சுகந்தி அக்கா: அது நியாயமான கேள்விதான். எத்தனை வருஷமாக இந்த வீட்டில் ஒருவரும் கேட்காத கேள்வி என்பது வேறு கதை. உன் அத்தான் அந்தப் பக்கம் சோபாவில் இருந்து இதை வாசிக்கிறார், அவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். மதுரா பள்ளிக்கூடத்தில் நின்று கத்திப்போட்டு வந்து தனியாக மா வறுத்துத்தான் மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால், நீங்கள் கொத்தையே வாங்குங்கோ. நீ தேங்காய் துருவி, வெங்காயம் உரித்து, பாத்திரமும் கழுவினால்தான் இந்தக் கணக்கு சரிவரும்.

மதுரா: இந்த மெசேஜை மேலே பின் பண்ணிவிட்டேன்.

தர்ஷன்: பார்த்தேன்.

பெரியம்மா: 2022 இல் கேஸ் சிலிண்டர் கொழும்பு விலையே 4,910 ரூபாய்க்குப் போன நேரம், காசு கொடுத்தாலும் கிடைக்காமல் வரிசையில் நின்ற நேரம், பின் வளவில் மூன்று கல்லு வைத்துச் சமைத்தோம். பனை மட்டையும் கொக்காரையும் பொறுக்கி வந்தது யார், தர்ஷன்தான். அப்போது செய்த பிள்ளை இப்போதும் செய்வான்.

தர்ஷன்: பெரியம்மா, அப்போது எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

ரவி மாமா (ரொறன்ரோ): தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணி குடித்த ஆட்கள் நாங்கள்.

குட்டி: மாமா, நீங்கள் 1988 இலேயே கனடாவுக்குப் போய்விட்டீர்கள் என்றுதான் அம்மா சொன்னா.

ரவி மாமா: நாங்கள் என்று பொதுவாகச் சொன்னேன்.

சுகந்தி அக்கா: மதுரா, இன்னொன்று. எல்லாவற்றையும் வீட்டில்தான் செய்ய வேண்டும் என்று நிற்காதே. இடியப்பம் வாங்கு. உங்கள் ஒழுங்கையிலேயே ஒரு அக்கா அவித்துக் கொடுக்கிறா அல்லவா? மா குழைத்து, உரலில் பிழிந்து, தட்டுத் தட்டாக அவிக்கிற பாட்டுக்கு அவ கேட்கிற காசு அநியாயமில்லை. அந்தக் காசு ஒழுங்கைக்குள்ளேயே நிற்கிறது. சொதியும் சம்பலும் மட்டும் வீட்டில் வை. கடையில் தருகிற சொதி வெறும் மஞ்சள் தண்ணி.

மதுரா: சொதி எனக்குத் திரைந்து போகிறது.

சுகந்தி அக்கா: வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாவற்றையும் இரண்டாம் பாலில் அவியவிடு. முதற்பால் கடைசியில். விட்டதும் துளாவிக்கொண்டே இரு, நுரைத்து வருகிறபோது இறக்கு. தேசிக்காய்ப் புளி அடுப்பால் இறக்கின பிறகுதான், கொதிக்கிறபோது விட்டால் திரையும். பாதித் தேங்காய் பாலுக்கு, பாதி சம்பலுக்கு. பிழிந்த பூவை எறியாதே, முருங்கையிலை வறைக்குப் போடலாம்.

தர்ஷன்: மீன்? விளைமீன் வாங்கப் போனால் கொத்து விலையைத் தாண்டுகிறது.

பெரியம்மா: விளைமீன் யார் வாங்கச் சொன்னது? பாசையூரில் சூடை வாங்கு. பிள்ளைக்கு முள்ளு எடுத்துக் கொடுக்கப் பஞ்சிப்பட்டுத்தான் எல்லாரும் பெரிய மீன் தேடுகிறீர்கள். சூடையைச் சட்டியில் பழப்புளி விட்டு வற்ற வைத்தால் அடுத்த நாள் இன்னும் ருசி.

தர்ஷன்: சரி. வெள்ளியும் செவ்வாயும் எப்படியும் மரக்கறி. அந்த இரண்டு நாளும் இடியப்பமும் சொதியும். புதன், வியாழன் புட்டு. மத்தியானம் சோறு கட்டிக்கொண்டு போகிறேன். சனி இரவு ஒரு கொத்து. அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

மதுரா: சனிக் கொத்துக்கு நானும் ஆதரவு.

சுகந்தி அக்கா: சனிக் கொத்து இருக்கட்டும். சனி காலமை மில்லுக்குப் போகிறேன், உங்கள் அரிசியையும் கொண்டு போகிறேன். வெள்ளி இரவே ஊறவிட்டு, விடியத் தண்ணீரை வடித்து வையுங்கோ. தூளும் சேர்த்துத் திரிக்கலாம். மல்லியும் மிளகாயும் சரிக்குச் சரி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள். பெரியம்மா வறுத்துத் தருவா என்று நினைக்கிறேன்.

பெரியம்மா: வறுத்துத் தருகிறேன். கறிவேப்பிலையும் வேண்டும், நிறைய. ஒரு வருஷத் தூள் என்றால் செத்தல் மூன்று கிலோ வாங்குங்கோ. காம்பு ஆய்கிற வேலையைத் தர்ஷன் செய்யட்டும்.

தர்ஷன்: மூன்று கிலோவுமா?

பெரியம்மா: ஓம். ஆய்ந்த கையால் கண்ணைத் தொடாதே.