அப்பா பீடியை உண்மையிலேயே குறைத்திருக்கிறாரா என்று எப்படி அறிவது?

கேள்வி: குலசேகரம் பகுதியிலிருந்து ஒரு மகள்

என் அப்பாவுக்கு 64 வயது. இளமை முதல் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கும்போதே உதட்டில் பீடி இருக்கும். சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் அவருக்கு இருப்பதாக, மூச்சை ஊதி அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. நாளுக்கு இரண்டு கட்டு இழுத்தவர் இப்போது பத்துதான் என்கிறார். ஆனால் கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்குகிறார். பாதியில் அணைத்த துண்டுகளை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்திருப்பதையும் பார்த்தேன். அவருடைய சட்டையை முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கும் மகளாக இருக்க எனக்கு மனமில்லை. வேறு வழி உண்டா? குறைத்தால் மட்டும் போதுமா?

பதில்: நெஞ்சுநோய்ப் பிரிவில் பணியாற்றும் செவிலியர், நாகர்கோவில்

சகோதரி, எண்ணிக்கையை நம்பாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் அவர் பொய் சொல்கிறார் என்பதல்ல. குறைவாகப் பிடிப்பவர், உடம்பு கேட்கும் நிகோட்டினுக்காக ஒவ்வொன்றையும் ஆழமாகவும் அடி வரைக்கும் இழுத்துவிடுவார். பீடி இலை காற்றை எளிதில் விடாது. அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் கார்பன் மோனாக்சைடும் அதிகமாக உள்ளே போகிறது.

அதை அளக்க ஒரு சிறு கருவி இருக்கிறது. சில விநாடி மூச்சை அடக்கி மெதுவாக ஊதினால் எண் தெரியும். புகைக்காதவர்களுக்குப் பொதுவாக 6 பி.பி.எம்.முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் ஆறு பங்குக்கு, கீழே இருக்கும். ரத்தத்தில் இந்த வாயு நான்கைந்து மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுவதால், கடைசியாக எப்போது இழுத்தார் என்பதையும் எண்ணோடு சேர்த்து எழுதி வையுங்கள். நம் பக்கத்தில் மறக்கக் கூடாத ஒன்று உண்டு: ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறையிலோ விறகடுப்பின் அருகிலோ நின்றுவிட்டு வந்தால், பீடி தொடாதவருக்கும் எண் ஏறும்; அந்தப் புகையும் அவருடைய நுரையீரலுக்கு ஆகாது.

குறைத்தால் போதுமா என்றால், போதாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றில், முதல் நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு, புகையை அறவே விட்ட ஆண்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 30 மில்லி லிட்டரும், தொடர்ந்தவர்களுக்குச் சுமார் 66 மில்லி லிட்டரும் குறைந்தது. பத்து என்பது விடும் நாளைக் குறிப்பதற்கான படியாக இருக்கட்டும்.

பதில்: மருந்தாளுநர், மார்த்தாண்டம்

மூச்சுக்குழாயை விரிக்கும் தியோபிலின் மாத்திரையை அவர் எடுக்கிறாரா என்று முதலில் பாருங்கள். புகை அந்த மருந்தைக் கல்லீரல் வேகமாகக் கழிக்கும்படி செய்கிறது. திடீரென்று நிறுத்தினால் அதே அளவு மாத்திரை ரத்தத்தில் கூடிப்போய் குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை வரலாம். வீட்டார் அதைப் "பீடியை விட்டதால் வந்த கோளாறு" என்று எண்ணிப் பீடியையே திரும்பக் கொடுத்துவிடுவதுண்டு. நிறுத்தும் நாளை மருத்துவரிடம் முன்கூட்டியே சொன்னால் அளவை மாற்றித் தருவார்.

நிகோட்டின் மெல்லும் பசையை மிட்டாய் போல் மென்றால் பயனில்லை. காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, தணிந்தபின் மறுபடி மெல்ல வேண்டும். சாயா குடித்துக் கால் மணி நேரம் கழியட்டும். பசை மெல்லும் நாட்களில், நிகோட்டின் உடலில் மாறி உருவாகும் கோட்டினினைச் சிறுநீரில் பரிசோதித்தால் பசையாலேயே நேர்மறையாக வரும். கார்பன் மோனாக்சைடை அளக்கும் மூச்சுப் பரிசோதனைதான் சரி. 1800 11 2356 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் கட்டணமின்றிப் பேசலாம்.

பதில்: குளச்சல்

என் மாமனார் வள்ளத்தில் கடலுக்குப் போனவர். நாங்கள் பீடியை எண்ணியபோதெல்லாம் ஒளித்தார். பிறகு கருவியில் ஊதிய எண்ணை அவர் கையாலேயே நாட்காட்டியில் எழுதச் சொன்னோம். 19, 14, 9 என்று இறங்கியதை வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். விடியற்காலைக் கட்டன் சாயாவோடு வரும் முதல் பீடிதான் கடைசியில் போயிற்று.

கேட்டவர்:

தியோபிலின் இருக்கிறது, மருந்துச் சீட்டில் இப்போதுதான் பார்த்தேன். ஜன்னல் துண்டுகளைப் பற்றி அப்பாவிடம் கோபமின்றிக் கேட்டேன். இரண்டு பாதிகளை அவர் ஒன்றாகவே கணக்கிட்டிருக்கிறார். அணைந்ததைத் திரும்பப் பற்றவைக்கும்போதுதான் இருமல் கூடுகிறது என்றும் அவரே சொன்னார். வரும் திங்கட்கிழமை இருவருமாக மருத்துவரிடம் போகிறோம்.