குளம் உடைந்தது என்ற வொய்ஸ்: அனுப்பியவரில் பிழையா?

வயற்கரை:
கடந்த மாரியில் ஒரு இரவு, பதினொரு மணி இருக்கும். எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரு வொய்ஸ் வந்தது. "குளக்கட்டு உடைஞ்சிட்டுது, உடனே வெளிக்கிடுங்கோ." எந்தக் குளம், எப்போது, பேசுவது யார், ஒன்றும் இல்லை. அம்மாவை லாண்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு கொட்டும் மழைக்குள் பாடசாலைக்கு ஓடினோம். விடியப் போய்ப் பார்த்தால் குளம் வான் பாய்கிறது, கட்டில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. அம்மா இரண்டு கிழமை காய்ச்சலில் கிடந்தா. விசாரிக்காமல் அனுப்புகிறவர்களைக் குழுவிலிருந்து நீக்க வேண்டும்.

பழைய முறிகண்டி:
தம்பி, இதற்கு நான் உடன்பட மாட்டேன். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இரவோடிரவாக வீடுகளுக்குள் வெள்ளம் ஏறியது மறந்துபோச்சா? பொய்யாக இருந்தாலும் ஓடுவது நல்லது. அரச அறிவிப்புக்குக் காத்திருக்கச் சொன்னால் வன்னிச் சனம் காத்திராது. 2009 தொடக்கத்தில், கடைசிப் போரில் வன்னிக்கு உள்ளே இருப்பது எழுபதாயிரம் பேர் அளவில்தான் என்று அரசு சொன்னது. கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தது இரண்டரை இலட்சத்துக்கும் மேல். அந்தக் குறைந்த கணக்கைக் காட்டித்தான் சாப்பாட்டையும் மருந்தையும் குறைத்தார்கள். கஞ்சிக்கு வரிசையில் நின்றவன் நான்.

கரும்பலகை:
அண்ணை, 2009 பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. ஆனால் அரசாங்கத்தின் கணக்கையே நம்பாத நாங்கள், முகம் தெரியாத ஒரு குரலை ஏன் உடனே நம்புகிறோம்? 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் கடையில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்தார்கள் என்று ஒரு வதந்தி. கடையையும் பள்ளிவாசலையும் அடித்து நொறுக்கிய பிறகுதான் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக் கட்டி என்று தெரிந்தது. அங்கேயும் பரப்பியவர்கள் எச்சரிப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள். வட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வருவது குறைந்தது 5 கை மாறி வந்தது என்று என் வகுப்பில் முதலில் சொல்லிக் கொடுப்பேன்.

பழைய முறிகண்டி:
டீச்சர், பிள்ளைகளுக்குப் படிப்பியுங்கோ, நல்லது. ஆனால் 'பொய்ச் செய்தி' என்ற சொல்லை யார் கையில் கொடுக்கிறோம்? அம்பாறைக்கு அடுத்த மாதமே கண்டிக் கலவரம் வந்தது, பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாவற்றையும் முடக்கினார்கள். 2024இல் இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம். இன்று குழுவிலிருந்து நீக்கச் சொல்கிறீர்கள், நாளைக்குப் பொலிஸ் வரும்.

வயற்கரை:
பொலிஸை நான் கேட்கவில்லை அண்ணை. எங்கள் கமக்காரர் அமைப்பின் செயலாளர் கட்டுக்குக் கீழேதான் இருக்கிறார். ஒரு கோல் எடுக்க அரை நிமிடம். அதைக்கூடச் செய்யாமல் வயோதிபர்களை மழைக்குள் இறக்குவது எந்த ஊர் நியாயம்?

கரும்பலகை:
அந்த அரை நிமிடத்தைத்தான் நானும் கேட்கிறேன்.

பழைய முறிகண்டி:
அந்த வொய்ஸை அன்றிரவு நானும் மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். அனுப்பியது பிழை என்று இப்பவும் நினைக்கவில்லை. எந்தக் குளம் என்று கேட்டிருக்கலாம். அம்மாவுக்கு இப்ப எப்படி, தம்பி?