புதுப்பிப்பு: அம்மாவின் உள்ளங்கால் புண்

சீனி வருத்தமுள்ள அம்மாவுக்குப் பெருவிரலடியில் வந்த புண், மருந்து கட்டியும் ஆறவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது நன்றாகச் சிறுத்து வருகிறது. இரத்த ஓட்டத்தையும் கிருமித்தொற்றையும் பார்த்துவிட்டு, முழங்கால்வரை, கழற்ற முடியாத கட்டு போட்டார்கள். புண்ணில் விழும் பாரத்தை அது பரப்பிவிடுகிறது. கழற்றக்கூடியதென்றால் நோயாளிகள் வீட்டுக்குள் கழற்றி வைத்துவிடுவார்கள். சீனி வருத்தக்காரரின் பாதப் பராமரிப்புக்கான 2023 சர்வதேச வழிகாட்டியும் இப்படியான புண்ணுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறது.

அப்புறம் தொடு உணர்வு இருக்கிறதா என்று மற்றக் காலையும் சோதித்தார்கள். 10 கிராம் விசையில் வளையும் நைலோன் இழையால் தொட்டுக்கொண்டிருக்க, கண்ணை மூடியிருந்த அம்மா "எப்ப தொடுவீங்கள்?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. இந்தக் காலோடுதான் நல்லூர்க் கோயில் வீதியின் சுடுமணலில் வெறுங்காலாக நடந்திருக்கிறார். சீனி வருத்தமுள்ள உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் கிளினிக்கில் இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்வியுங்கள். சில நிமிட வேலைதான்.