ஒரு டிவ் மாத்த ஜேசன் எதுக்கு? (ஃபிளாஸ்க்)

செர்வர்காரன்:
நேத்து ஒருத்தர் எழுதியிருக்கார், பக்கத்துல ஒரு பகுதி மட்டும் மாறணும்னா ஃபிளாஸ்க் (பைத்தான்ல வெப்சைட் எழுதுற ஃபிரேம்வொர்க்) வெறும் டேட்டாவா ஜேசன்தான் அனுப்பணுமாம், ரெடியான எச்டிஎம்எல் துண்டு அனுப்புறது அரைவேக்காட்டு வேலையாம். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. ஃபிளாஸ்க்குக்குப் பக்கம் கட்டித் தர்ற ஜின்ஜால டெம்ப்ளேட் ஏற்கெனவே இருக்கு, அந்த லிஸ்ட்டை மட்டும் தனி ஃபைலா பிரிச்சு ரெண்டர் பண்ணி அனுப்பினா பக்கத்துல அந்தப் பகுதிக்கான டிவ்வுக்குள்ள போய் உக்காந்துக்கும். ஜேசன்னா அதே லிஸ்ட்டை ஜாவாஸ்கிரிப்ட்ல மறுபடி கட்டணும், அப்புறம் லிஸ்ட்ல புதுசா ஒரு காலம் (நெடுவரிசை) சேர்த்தா ரெண்டு இடத்துல திருத்தணும்.

ஏபிஐ_தம்பி:
எழுதினது நான்தான். வேற பக்கம் போயிட்டு பேக் பட்டன் அழுத்திப் பாருங்க, ஸ்டைல் இல்லாம மொட்டையா லிஸ்ட் மட்டும் வந்து நிக்கும்.

செர்வர்காரன்:
ஒரே யூஆர்எல்ல முழுப் பக்கமும் துண்டும் குடுத்தா அப்படி வரலாம். துண்டை வாங்கி டிவ்ல வைக்கிற எச்டிஎம்எக்ஸ் லைப்ரரி அனுப்புற ரிக்வெஸ்ட்ல எச்எக்ஸ்-ரிக்வெஸ்ட்னு ஹெடர் இருக்கு, அதைப் பார்த்துப் பிரிக்கிறோம்ல, பதில்ல வேரி ஹெடர்ல (எதைப் பொறுத்து பதில் மாறும்னு சொல்றது) அதே பேரைப் போடு, பிரவுசர் சேமிச்சு வைக்கிற கேஷ் ரெண்டையும் குழப்பாது. ஒரே வரி.

ஏபிஐ_தம்பி:
அந்த ஒரு வரியை மறந்தா? ஜேசன்ல இந்தத் தொல்லையே கிடையாது.

செர்வர்காரன்:
ஏன் கிடையாது? அதே யூஆர்எல்ல ஜேசன் குடுத்தா பேக் பட்டன்ல ஜேசன்தான் கொட்டும். தனி யூஆர்எல் வச்சதால நீ தப்பிச்ச, துண்டுக்கும் தனி யூஆர்எல் வச்சுக்கோ!

பழையகை:
சின்னப் பசங்களா, பக்கத்தை ரீலோட் பண்ணாம செர்வர்கிட்ட கேக்குற எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட் 1999லயே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5ல வந்தாச்சு, அந்த முறைக்கு அஜாக்ஸ்னு பேர் வச்சது 2005ல. ஃபிளாஸ்க் பொறந்ததே 2010. நாங்க அப்பவே துண்டு அனுப்பினவங்க.

ஏபிஐ_தம்பி:
வயசைக் கேக்கல அண்ணே, பேக் பட்டனைக் கேட்டேன்.

பழையகை:
மரியாதையாப் பேசு. போன வாரமும் இப்படித்தான் என் பதிவுல வந்து குதிச்ச.

செர்வர்காரன்:
அண்ணே, நீங்க விடுங்க, நான் சொல்றேன். போன மாசம் இவன் கோட்ல யூசர் எழுதின கமென்ட்டை ஜேசன்ல வாங்கி அப்படியே எச்டிஎம்எல்லாவே இன்னர்எச்டிஎம்எல்ல ஒட்டியிருந்தான். இமேஜ் டேக்ல ஆன்எரர் (படம் வராட்டி ஓடுற கோட்) வச்சு ஒருத்தன் கமென்ட் போட்டா, பாக்குறவன் பிரவுசர்ல எல்லாம் அவன் ஸ்கிரிப்ட் ஓடும். ஃபிளாஸ்க்ல .எச்டிஎம்எல் டெம்ப்ளேட்னா ஜின்ஜா தானாவே எஸ்கேப் பண்ணி டேக்கை வெறும் எழுத்தாக்கிடும், நாமளா சேஃப் ஃபில்டர் போட்டுக் கெடுக்காத வரைக்கும். இவன் வந்து நம்ம வேலையை அரைவேக்காடுங்கிறான்!

ஏபிஐ_தம்பி:
அதை அன்னிக்கே வெறும் எழுத்தா மட்டும் காட்டுற டெக்ஸ்ட்கன்டென்ட்டா மாத்திட்டேன், இன்னும் எத்தனை நாள் சொல்லிக் காட்டுவீங்க? மொபைல் ஆப் வந்தா உங்க எச்டிஎம்எல் துண்டை வச்சு என்ன பண்ணுவீங்க?

செர்வர்காரன்:
ஆப் வரும்போது அதுக்கு ஜேசன் எழுதிக்கிறேன். இன்னிக்கு மாத்த வேண்டியது ஒரு டிவ்.

ஏபிஐ_தம்பி:
பேக் பட்டன்?

செர்வர்காரன்:
வேரி ஹெடர்னு சொன்னேன்ல, மேல போய்ப் படி.